பின்னறையில் ஓர் இலை

2021ஆம் ஆண்டு நவம்பர் பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தே முக்கால். பாடாங் மேஹாவில் மழை விட்டிருந்தது. கூரைத் தகரம் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. லோரி வேலையிலிருந்து திரும்பிய சிவநேசன், ஈரச் சட்டையைக்கூடக் கழற்றாமல், சமையலறையில் ஒரு வாழை இலையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் மூவரும் தட்டில்தான் சாப்பிடுவார்கள்.

கூடத்துக் கட்டிலில் சாய்ந்திருந்த அவன் மனைவி லோகேஸ்வரி அதைக் கண்டாள், கேட்கவில்லை. கேட்பதற்கு மூச்சு வேண்டும். கோவிட் போய்விட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்; போகும்போது எவற்றை எடுத்துக்கொண்டு போனது என்று எழுதவில்லை. குளியலறைவரை நடந்தாலே நெஞ்சு அடைத்தது. அடுத்த வீட்டுக்காரியின் பெயர் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது. வீட்டுக்குப் பின்னால் அடுக்கியிருந்த ரப்பர் கட்டிப்பால் மூட்டைகளின் நாற்றத்துக்கு ஊரே மூக்கைப் பொத்தியபோதும், அவளுக்கு மட்டும் உலகம் கழுவிவைத்த பீங்கானைப் போல் வெறுமையாக இருந்தது.

மகள் ரூபினி மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். அவள் திரும்பியபோது சடை தெரிந்தது. நாலுகால் பின்னல், ஒரு முடிகூடப் பிசகவில்லை. அந்த வீட்டில் அப்படிப் பின்னத் தெரிந்தவள் லோகேஸ்வரி ஒருத்திதான். விரல்கள் நடுங்கத் தொடங்கியதிலிருந்து அவள் சீப்பைத் தொட்டதில்லை.

"யாருடி பின்னுனது?"

"நானேதான் லா. யூடியூப் பார்த்து."

தன் பின்னந்தலையை ஒருத்தி தானே அவ்வளவு நேர்த்தியாகப் பின்ன முடியுமா என்று லோகேஸ்வரி யோசித்து முடிப்பதற்குள் சிவநேசன் இலையை ஏந்திக்கொண்டு பின்னறைக்குள் போனான். சோறு, கருவாட்டுக் குழம்பு, இரண்டு அப்பளம். ஒரு காலத்தில் அவர்கள் இருவரும் படுத்த அறை அது. அவள் வீடு திரும்பியதும், கூடத்தில்தான் நல்ல காற்று வரும் என்று சொல்லி அவளை இங்கே கிடத்திவிட்டான். இப்போது வெறுங்கையோடு வெளியே வந்து கதவைச் சாத்தினான். ரூபினி அவன் அருகில் போய் நின்றாள். இருவரும் தலை குனிந்திருந்தார்கள்.

அந்த நிற்பு லோகேஸ்வரிக்குத் தெரியும். இறந்தவர்களுக்குப் பிடித்ததைப் படைத்து, அவர்கள் வந்து உண்ணட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

"யாருக்குங்க படையல்?"

சிவநேசன் நிமிரவில்லை. "உனக்குத்தான்."

ஆகஸ்டில் ஆஸ்பத்திரி வார்டிலிருந்து போன் வந்தது. லோகேஸ்வரி இறந்துவிட்டாள் என்றார்கள். மூடிய பையைத் திறந்து முகம் பார்க்க விடவில்லை. தகனம் நடந்தது. பதினாறாம் நாள் காரியமும் நடந்தது. இலை போட்டு, கதவைச் சாத்தி, "அம்மா, வந்து சாப்பிடுங்க" என்று ரூபினி அழுதுகொண்டே கூப்பிட்டாள். அதற்குப் பிறகுதான் அதே வார்டிலிருந்து இன்னொரு போன்: பெயர் மாறிவிட்டது, மன்னிக்க வேண்டும், உங்கள் மனைவி கண் விழித்துவிட்டார். இவையெல்லாம் லோகேஸ்வரி அறிந்தவையே. தன் கருமாதிச் சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்ததா என்று ஒருமுறை கேட்டுச் சிரித்தும் இருக்கிறாள். அன்று மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

வீடு திரும்பிய நாள் இப்போது நினைவுக்கு வந்தது. ரூபினி ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. அம்மாவின் வலக்கையைப் பிடித்தாள், மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள், மெல்ல விட்டுவிட்டாள். பிள்ளை நாடி பார்க்கிறது என்று லோகேஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

"நான்தான் வந்துட்டேனே," என்றாள் கணவனிடம்.

"நாங்க கூப்பிட்டோம் லோகா. நீ வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தி வந்துட்டா."

"எவ?"

"மெதுவா பேசுங்க," என்றாள் ரூபினி, வீட்டுக்கு வந்த அந்நியரிடம் சொல்வதைப் போல. "அம்மா சாப்பிடுறாங்க."

கதவுக்குப் பின்னால் இலை சரசரத்தது. அப்பளம் நொறுங்கியது. பிறகு ஒரு மூச்சு. நீளமான, நிதானமான, அடிவயிறுவரை போய்த் திரும்பும் மூச்சு. குழம்பின் வாசனையை முழுவதுமாக உள்ளே இழுக்கும் மூச்சு. லோகேஸ்வரி தன் நெஞ்சில் கை வைத்தாள். அங்கே அப்படி ஒன்று இல்லை.

"புளி தூக்கல்," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

அவளுடைய குரல். நோய்க்கு முந்தைய குரல்.

"ஓட்டலா நடத்துறேன்? லோரிக்காரன் சமையல் அப்படித்தான் லா இருக்கும்," என்று சிவநேசன் கதவைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தான். லோகேஸ்வரி வீடு திரும்பிய பிறகு அவன் சிரித்து அவள் கேட்டதில்லை.

மழை மறுபடியும் தொடங்கியது. கூடம் இருண்டது. யாரும் விளக்கைப் போடவில்லை.

"குருண் டவுன்ல ஓர் இல்லம் இருக்கு," என்றான் அவன். "உன்ன மாதிரி முடியாதவங்கள நல்லா பார்த்துக்குவாங்களாம். காலையில வேன் வரும்."

"இது என் வீடுங்க."

சிவநேசன் ஈரச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

"யாரு முடிவு பண்ணா?"

"மூணு பேரும் பேசித்தான். இல்லத்து ஃபாரத்துல சைனும் வெச்சாச்சு."

அவள் எண்ணினாள். அவன். ரூபினி.

எழுந்தாள். சுவரைப் பிடித்தாள். மூச்சு. ஓர் அடி. மூச்சு. ரூபினி விலகி வழிவிட்டாள். அவளைப் பார்க்கவில்லை.

கதவு ஒரு சாண் திறந்தது.

உள்ளே இருட்டு. இருட்டிலிருந்து ஒரு கை நீண்டது. விரல் நுனிகளில் சோற்றுப் பருக்கை. மணிக்கட்டில் பிறை போன்ற தழும்பு. தீபாவளி முறுக்கு சுட்டபோது எண்ணெய் தெறித்து வெந்த இடம் அது. கைக்குழந்தையாக இருந்த ரூபினி அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டேதான் தூங்குவாள்.

லோகேஸ்வரி தன் வலக்கையை மெல்லத் திருப்பினாள்.

மணிக்கட்டு வழுவழுவென்றிருந்தது. தழும்பு இல்லை. கழுவிவைத்த பீங்கான்.

மூன்று கையெழுத்துகள் இட்ட தாளை அந்தக் கை அவள் உள்ளங்கையில் வைத்து, நடுங்கும் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடியது.