முகம் வார்க்கும் அறை

சினிமா ஸ்டுடியோவின் வாயிற்காவலர் ஹெர்ப் அன்று காலை தடுப்புக் கம்பியைத் தூக்கவில்லை. கூண்டிலிருந்து தலையை நீட்டி வென்டெல் ஹோல்கமை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நீங்க அப்பவே உள்ள போயிட்டீங்களே, மிஸ்டர் ஹோல்கம்? ஏழே முக்காலுக்கு. கையெழுத்துகூடப் போட்டீங்க."

"நானா? இப்பதான் பஸ்ஸை விட்டு இறங்கி வர்றேன், ஹெர்ப்."

"அப்ப வேற யாரோ. என் கண்ணு என்னிக்கு ஒழுங்கா இருந்துச்சு? போங்க, போங்க."

பதினான்கு வருடமாக அந்த ஸ்டுடியோவுக்குள் நுழைகிறவரை ஹெர்ப் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "வாங்க கண்டக்டர்", "என்ன டாக்டரே" என்று அந்த வாரத்து வேஷத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார். இன்று பெயர் வாயில் வந்துவிட்டது. அந்தப் பூரிப்பில் மனிதர் சொன்ன விஷயத்தை வென்டெல் கோட்டை விட்டுவிட்டார்.

பூரிக்காமல் என்ன செய்வார்? நூற்றுப் பதினோரு படம். மதுக்கடைக்காரர், தந்தி கொண்டு வருகிறவர், ஹோட்டலில் சாவி எடுத்துக் கொடுக்கிறவர், இரண்டாவது நிமிடத்தில் சுடப்படுகிறவர். கலிபோர்னியா முழுக்க அந்த முகத்தைத் தெரியும், பெயர்தான் தெரியாது. மளிகைக் கடையில் வழிமறித்து "நீங்க எங்க பல் டாக்டரோட தம்பிதானே?" என்று கேட்பார்கள். இந்த நூற்றுப் பன்னிரண்டாவது படத்தில்தான் அவருக்கு ஒரு பாத்திரம் கிடைத்திருந்தது. நீதிபதி ஏமஸ் பெல். நீதிமன்றத்தில் நீண்ட வசனம், படத்தின் தொடக்கத்தில் பெயர். ஐம்பத்தெட்டு வயதில் இதைத் தவறவிட்டால் இன்னொன்று வராது. பதினொரு மணிக்குப் படப்பிடிப்பு. மனைவி மேவிஸ் புதுத் தொப்பி வாங்கி வைத்திருந்தாள். கல்யாணமாகி இருபத்தொரு வருடத்தில் முதல் தடவையாக வேடிக்கை பார்க்க வருகிறாள்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. படத்தின் கடைசியில் நீதிபதிக்கு எண்பது வயதாகிறது. ரப்பர் சுருக்கங்கள் ஒட்ட வேண்டும் என்றால் முதலில் முகத்துக்கு அச்சு எடுத்தாக வேண்டும். ஒப்பனைக்காரர் ஓட்டிஸ் அவரைச் சவரக்கடை நாற்காலி போன்ற ஒன்றில் சாய்த்து, புருவத்தில் வாசலின் தடவி, மூக்கில் இரண்டு ஸ்ட்ராக்களைச் செருகினார்.

"அரை மணி நேரம். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. ஒரு விரல் தூக்கினா நல்லா இருக்கேன்னு அர்த்தம். ரெண்டு விரல்னா அடுத்த நிமிஷமே பிரிச்சு எடுத்துடுவேன்."

"யாராவது ரெண்டு விரல் காட்டியிருக்காங்களா?"

"குதிரை மேல உட்கார்ந்து சுடுற வீராதி வீரனெல்லாம் காட்டியிருக்கான். அழுதே இருக்கான். வாயை மூடுங்க."

குளிர்ந்த அச்சுக் கூழ் நெற்றியிலிருந்து இறங்கி, இமைகளை ஒட்டி, உதடுகளை மூடி, காது மடல்களுக்குள் நிறைந்தபோது உலகம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போனது. அதன் மேல் ஈரமான மாவுக்கட்டுத் துணி ஒவ்வொன்றாக விழ விழ, சுண்ணாம்பு மணமும் தன் மூச்சு ஸ்ட்ராவுக்குள் போய்வரும் மெல்லிய சீழ்க்கையும் தவிர வேறெதுவும் மிஞ்சவில்லை. மாவு இறுகும்போது சூடாகும் என்று ஓட்டிஸ் சொல்லியிருந்தார். சூடாகியது. எங்கோ தொலைபேசி அடித்தது. "அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்" என்று தோளைத் தட்டிவிட்டு ஓட்டிஸ் போனார்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பத்தும் ஆகியிருக்கலாம். இருட்டுக்குள் நேரத்தை எப்படி அளப்பது?

கதவு திறந்தது. காதால் கேட்டதைவிட முதுகெலும்பால்தான் அதை உணர்ந்தார். யாரோ தரையில் நடந்தார்கள். இடது ஷூ கிறீச்சிட்டது. வென்டெலின் இடது ஷூவும் அப்படித்தான் கிறீச்சிடும். போன மாதமே தைக்கக் கொடுத்திருக்க வேண்டியது.

அந்த ஆள் பக்கத்தில் வந்து நின்றான். இரண்டு முறை தொண்டையைக் கனைத்தான். பிறகு பேசினான்.

நீதிபதியின் வசனம். வென்டெலின் குரல். மூன்று வாரமாகச் சமையலறையில் மேவிஸிடம் ஒப்பித்து, "கருணை என்பது" என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுந்த அதே வசனம். அந்தக் குரல் தடுக்கவில்லை. அந்த இடத்தில் சற்று நிறுத்தி, மெதுவாக, நெஞ்சு கனக்கும்படி சொன்னது. இப்படிச் சொல்லத்தான் அவர் ஆசைப்பட்டிருந்தார். பயத்தைவிடப் பொறாமைதான் முதலில் வந்தது. பிறகு பயம் வந்தது.

இரண்டு விரல்களைத் தூக்கினார். யாரும் பிரிக்கவில்லை.

மறுபடி கதவு. லாவெண்டர் மணம் ஸ்ட்ரா வழியாக உள்ளே வந்தது. மேவிஸ்.

"அடேயப்பா, வென்! என்ன, பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கே!"

"தொப்பி பிரமாதம்" என்றது அவருடைய குரல். மேவிஸ் சிரித்தாள். அப்படி அவள் சிரித்துப் பல வருடம் ஆகிறது.

"இது யாரு, பாவம்? மூச்சு முட்டாதா?"

"கூட்டத்துல நிக்கிற ஆளு. பேரெல்லாம் தெரியாது."

வென்டெல் கையை வீசினார். துணி. மேவிஸின் மணிக்கட்டு. பிடித்துக்கொண்டார். கத்தினார், உதடு அசையவில்லை, தொண்டைக்குள்ளேயே ஒரு முனகலாகத் தேய்ந்தது. விடாமல் இரண்டு விரல்களை அவள் உள்ளங்கையில் அழுத்தினார்.

"என்னமோ சொல்றார், வென். ரெண்டு விரல் காட்டுறார்."

"சௌகரியமா இருக்கேன்னு அர்த்தம்."

"ஓ, அப்படியா? சமத்து."

அவள் கட்டைவிரல் அவருடைய விரல் முட்டிகள் மேல் போனது. நின்றது. கல்யாண மோதிரம் இருக்க வேண்டிய இடத்தைத் தடவியது. படப்பிடிப்பு நாட்களில் அவர் மோதிரத்தை வீட்டிலேயே வைத்துவிடுவார். அது அவளுக்குத் தெரியும். தெரியுமே!

"இந்தக் கை..." என்றாள்.

"நேரமாச்சு, மேவிஸ். கூப்பிடுறாங்க."

அவள் அவர் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், விடுவித்தாள். கையை எடுத்து நாற்காலிப் பிடிமேல் வைத்தாள். லாவெண்டர் மணம் போயிற்று. கிறீச், கிறீச். கதவு.

விரல்களை மறுபடி தூக்கப் பார்த்தார். விரல்கள் இல்லை. கையைத் தேடினார். தோளைத் தேடினார். நெஞ்சு ஏறி இறங்கும் இடத்தில் ஒன்றுமில்லை. சீழ்க்கைச் சத்தமும் நின்றிருந்தது. ஆனாலும் நினைவு போகவில்லை.

ஓட்டிஸின் கனத்த நடை வந்தது.

"ஆளு தானாவே கழட்டிப் போட்டுட்டு ஓடிட்டாரா! செட்டுக்கு அவ்வளவு அவசரம்." நாற்காலியிலிருந்து அவரைத் தூக்கினார். ஒரு கையால் தூக்கினார். "இருந்தாலும் அச்சுல ஒரு கீறல் இல்ல. உள்ள புருவ முடிகூட ஒவ்வொண்ணா விழுந்திருக்கு."

ஸ்ட்ராக்களை உருவினார். அந்தத் துளைகளில் களிமண் உருண்டைகளை வைத்து அழுத்தினார். மேசைமேல் மல்லாத்தி வைத்தார். வாளியில் மாவு கலக்கும் சத்தம். கரண்டி விளிம்பில் தட்டும் சத்தம்.

ஊற்றினார்.

முதலில் மூக்கு நிறைந்தது. பிறகு உதடு. கன்னம். கண்கள். சூடு ஏறியது. குமிழிகள் வெளியேற ஓட்டிஸ் மேசையைத் தட்டினார், தட்டிக்கொண்டே ஏதோ மெட்டை முணுமுணுத்தார். மேலே வந்த ஈர மாவைக் கத்தியால் வழித்துச் சமமாக்கினார்.

பிறகு ஒரு ஆணியை எடுத்து, ஈரம் காய்வதற்குள், மெதுவாக, அழகான எழுத்தில், வென்டெலின் பெயரைக் கீறத் தொடங்கினார். முதல் எழுத்து வலித்தது. இரண்டாவது எழுத்தும் வலித்தது.