நர்ஸுக்கு மட்டும் கிளம்பாத கார்

"என் மாமனார் என் காரை ஏதோ பண்ணிட்டார் மேடம். என்னன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

நர்ஸ் சாவிக்கொத்தை மேசைமேல் போட்டுவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். வீட்டுச் சாவி, பீரோ சாவி, தடித்த கறுப்புத் தலையோடு இரண்டு சாவிகள். எல்லாம் ஒரே வளையத்தில் நெருக்கியடித்துக் கிடந்தன.

ஒர்க் ஷாப் நடத்தும் அந்த அம்மாளைத் தெருவே 'நிதானம்' என்றுதான் கூப்பிடும். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரான அவள் கணவருக்கு 'விசில்' என்று பெயர். எந்த ரிப்பேருக்கும் அவருக்கு ஒரு குற்றவாளி வேண்டும். அதுவும் உடனே வேண்டும்.

"மாமனாரேதான்!" என்றார் விசில்.

"கொஞ்சம் சும்மா இருங்க. நீங்க சொல்லுங்க சிஸ்டர்."

"கண் ஆபரேஷன் ஆன மனுஷன் கார் எடுக்கப் பார்த்தார். அவர் கார் சாவியை வாங்கி நானே வெச்சுக்கிட்டேன். மறுநாள்லேருந்து என் கார் மக்கர். ஸ்டார்ட் ஆகுது, உடனே அணைஞ்சிடுது. என் வீட்டுக்காரர் தன்கிட்ட இருக்கற இன்னொரு சாவியைப் போட்டா மட்டும் சமர்த்தா ஓடுது! டியூட்டிக்கு லேட்டா வர்றேன்னு ஆஸ்பத்திரில கடைசி எச்சரிக்கை கொடுத்துட்டாங்க."

மூவரும் நர்ஸின் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் கறுப்புக் கண்ணாடி அணிந்த மாமனாரும், கையைப் பிசைந்துகொண்டு அவர் மகனும் நின்றிருந்தார்கள்.

நர்ஸ் சாவியைத் திருப்பினாள். இஞ்சின் உறுமியது, மறுகணமே அடங்கியது. மீட்டருக்குப் பக்கத்தில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு கண்சிமிட்டியது. கணவன் தன் ஒற்றைச் சாவியைப் போட்டுத் திருப்பினான். கார் எந்தத் தகராறும் செய்யாமல் ஓடியது.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கார்!" என்றார் விசில்.

"அப்படின்னா இவருக்கு மட்டும் எப்படிங்க ஓடும்?"

"சரி, பானெட்டைத் திறந்து ஏதோ ஒயரைப் பிடுங்கியிருக்கார்!"

"பானெட் விளிம்பைப் பாருங்க. தூசி படிஞ்சது படிஞ்சபடி இருக்கு. யாரோட விரலும் படல."

மாமனார் ஓரடி முன்னால் வந்தார். "சாவியைப் பிடுங்கிட்டாளேன்னு கோபம் இருக்கும்மா. இல்லேங்கல. அதுக்காக அவ வேலைக்கு உலை வைப்பேனா? அந்த வேலை கிடைச்சப்ப தெரு பூரா சொல்லிட்டு வந்தவன் நான்."

நர்ஸ் தலைகுனிந்தாள்.

நிதானம் அவளிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கினாள். "பிடுங்கின சாவி இதோ, உங்க சாவியோட ஒட்டிக்கிட்டு இருக்கு. சரிதானே?"

"ஆமா. தொலைஞ்சிடக் கூடாதுன்னு இதுலயே கோத்தேன்."

"குற்றவாளி இதுதான்."

விசில் வாயைப் பிளந்தார். "சாவியா?"

"கார் சாவி ஒவ்வொண்ணோட கறுப்புத் தலைக்குள்ளயும் கடுகளவு சிப் ஒண்ணு இருக்கு. காரு அதைப் படிச்சு, நம்ம ஆளுதான்னு தெரிஞ்சாத்தான் இஞ்சினை ஓட விடும். பக்கத்துல இன்னொரு காரோட சிப் இருந்தா, ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசற மாதிரி அதுக்குக் குழம்பிப்போகும். திருடன்னு நெனைச்சு அணைச்சிடும். அந்தச் சிவப்பு விளக்கு சொன்னது அதைத்தான். உங்க வீட்டுக்காரர் சாவி தனியா இருக்கு, அதான் தொந்தரவு இல்ல."

அவள் மாமனாரின் சாவியைக் கழற்றி விசில் கையில் கொடுத்துத் தள்ளி நிற்கச் சொன்னாள். நர்ஸ் மீண்டும் சாவியைத் திருப்பினாள். இஞ்சின் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. விசில் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடித்தார்.

நர்ஸ் இறங்கி வந்தாள். விசிலிடமிருந்து சாவியை வாங்கி மாமனாரிடம் நீட்டினாள். கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சுக்கோங்க மாமா. இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

"எடுத்துட்டுக் கிளம்பிடுவேன்னு பயமில்லையா?"

"இல்ல மாமா."

பெரியவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தடவித் தடவிக் காரைச் சுற்றிப் போய், பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார்.

"போற வழியில கண் டாக்டர் வீட்ல இறக்கி விட்டுடும்மா. எப்ப ஓட்டலாம்னு அவரையே கேட்டுக்கறேன். சீக்கிரம், டியூட்டிக்கு நேரமாச்சு!"