மூன்றாவது பந்து

விசில் வாத்தியார் குழாயை இன்னும் கையில்கூட எடுக்கவில்லை. அதற்குள் டப்பாவிலிருந்த நீலப் பந்து ஒன்று மெல்ல மேலே ஏறி, ஒரு கணம் நின்று, டொக்கென்று கீழே விழுந்தது.

காற்றாக இருக்கும் என்று ஜன்னலைச் சாத்தினார். மருந்து வாடையும் ஈரத் துண்டின் முடை நாற்றமும் கலந்து கிடந்த அந்த மத்தியான அறையில், மின்விசிறிகூட ஓடவில்லை. ஒரே ஊதலில் பள்ளி மைதானம் முழுவதையும் விறைத்து நிற்கவைத்த மனிதர், இப்போது மூச்சுப் பயிற்சி டப்பாவுக்குள் இருக்கும் மூன்று பந்துகளைக் குழாய் வழியாக உறிஞ்சி மேலே ஏற்ற முடியாமல் மல்லுக்கட்டுகிறார். கொரோனா போய்விட்டது; போகிற போக்கில் நுரையீரலில் பாதியைத் தழும்பாக்கிவிட்டுப் போயிருந்தது. மூன்றும் ஏறாவிட்டால் மறுபடியும் ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

டப்பா, செத்துப்போன தம்பியுடையது. "புதுசு எதுக்குங்க? வெந்நீர்ல கழுவினா போச்சு" என்று மனைவி எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவன் சட்டைகளையெல்லாம் தானம் செய்தவள், இதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தாள்.

அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்ந்தாற்போல் காய்ச்சல் வந்தது. வீட்டில் ஒரே ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். முறை வைத்து மாற்றிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு விடியற்காலை, சிலிண்டர் வாத்தியாரிடம் இருந்தபோது, பக்கத்துக் கட்டிலிலிருந்து தம்பியின் குரல் வந்தது.

"அண்ணா, கொஞ்சம் தாண்ணா."

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். சாகப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிப்பவனை எழுப்ப முடியாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். தம்பி இரண்டாம் முறை கேட்கவில்லை.

டொக்.

இந்த முறை இரண்டு பந்துகள் ஏறி விழுந்தன. குழாயின் நுனி கட்டில் விளிம்பில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பந்துகள் மறுபடி ஏறின. கட்டைவிரலால் நுனியை அடைத்தார். பந்துகள் விழுந்தன. விரலில் ஏதோ பட்டது. ஈரமாக. இளஞ்சூடாக. உதடு.

விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

மனைவி வாசலில் வந்து நின்றாள். "இன்னுமா ஆரம்பிக்கல? டாக்டர் கேட்டா நான்தானே பதில் சொல்லணும்?"

"இது வேண்டாம்மா. வேற வாங்கிக்கலாம்."

"சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடிக்காதீங்க." அவளே குழாயை எடுத்து அவர் வாயில் வைத்தாள்.

அவர் உறிஞ்சவில்லை. மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் முதல் பந்து ஏறியது. நெஞ்சுக்குள், தழும்பேறிய இடத்தில், யாரோ வாயைத் திறந்திருந்தார்கள். அவருடைய தொண்டை வழியாகவே இழுத்தார்கள். நிதானமாக. முறைக்காகக் காத்துக்கிடந்தவன் இழுப்பதுபோல்.

இரண்டாவது ஏறியது.

மூச்சை விடவேண்டும். வெளியே விடவேண்டும். முடியவில்லை. குழாயைத் துப்பப் பார்த்தார். உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. காற்று உள்ளேதான் போனது. உள்ளே. இன்னும் உள்ளே. விலா எலும்புகள் விரிந்தன.

மூன்றாவது.

"ஏறிடுச்சு." மனைவி பந்துகளை எண்ணினாள். "மூணும் ஏறிடுச்சுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடி, மகளுக்குப் போன் போட்டாள்.

"உங்கப்பா மூணையும் ஏத்திட்டாருடி. ஆமா, இன்னும் அப்படியே பிடிச்சிருக்காரு."

அறையில் சத்தமே இல்லை. விழிகள் பிதுங்க, உதடு நீலம் பாய, வாத்தியாரின் நெஞ்சு உப்பிக்கொண்டே போனது. பந்துகள் மூன்றும் உச்சியில் நின்றன, இறங்காமல்.