குளிர் அறை வாசலில் நீலச் செருப்பு

தாரணி ஆரணியிலிருந்து மே மாதம் வந்து இறங்கினாள். கோடை விடுமுறையில் கல்லூரிப் பிள்ளைகளைப் பெங்களூருக்கு அழைத்து, எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி பழக்குகிற பயிற்சி அது. நன்றாகச் செய்தால் பிஎச்டிக்கு இடம். அதற்காகவே வீட்டில் பார்த்த மாப்பிள்ளையைத் தள்ளிவைத்துவிட்டு வந்தவள். நான் அங்கே ஓய்வுபெற்ற பேராசிரியர். அறையைக் காலி செய்யச் சொல்ல யாருக்கும் வாய் வராததால், இன்னும் தினமும் அல்சூரிலிருந்து பஸ் பிடித்து வந்துகொண்டிருக்கிறேன்.

முதல் நாள் அவளை அமிலம், தீ, வாயு எல்லாவற்றைப் பற்றியும் எச்சரித்தார்கள். செருப்பைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லோருக்கும் நினைப்பு.

விதைகளை வைக்கும் குளிர் அறை, தாழ்வாரத்தின் கோடியில். செருப்பை வாசலில் விட்டுத்தான் நுழைய வேண்டும். உள்ளிருந்து திறக்கக் கைப்பிடி உண்டு. ஆனால் அந்தக் கைப்பிடிக்குக் கதவு திறந்து யாரும் பார்த்ததில்லை. ஆகவே வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள், பூட்டக் கூடாது.

ஆனால் அங்கே ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு எப்போதும் கிடக்கும். வாரில் ஊக்கு குத்தியது. பச்சைமுத்து என்ற பயிற்சி மாணவனுடையது. பல வருடங்களுக்கு முன், நீண்ட விடுமுறைக்கு முந்தின சாயங்காலம், அதைக் கவனிக்காமல் பூட்டிவிட்டார்கள். விடுமுறை முடிந்து திறந்தபோது, கதவில் சாய்ந்தபடி விறைத்து உட்கார்ந்திருந்தான்.

அதன்பின் அந்தச் செருப்பை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. கணக்கைத்தான் மாற்றிக்கொண்டோம். ஒரு ஜோடி என்றால் அறை காலி. இரண்டு என்றால் ஆள்.

தேர்வுக்குழு வருவதற்கு முந்தின நாள் தாரணி தாழ்வாரத்தைச் சுத்தம் செய்தாள். நீலச் செருப்பைப் பின்வாசல் குப்பைத்தொட்டியில் போட்டாள். பிறகு தன் சிவப்புச் செருப்பைக் கழற்றிவிட்டு, விதைகளை எடுக்க உள்ளே போனாள்.

காவலாளி டெஸ்மண்ட் வந்தார். மழைக் கருக்கலில் நிறம் தெரியவில்லை. ஒரு ஜோடி. விளக்கை அணைத்தார், பூட்டினார், போனார்.

மழை கொட்டியது. தாழ்வாரத்தில் ஈர மண்ணும் பூஞ்சையும் கலந்த வாடை.

சப்... சப்... சப்...

ஈரமான ரப்பர் செருப்பு. பின்வாசலிலிருந்து வந்து, என் அறையைத் தாண்டிப் போயிற்று.

எட்டிப் பார்த்தேன்.

ஆள் இல்லை.

தரையில் தடம் மட்டும், குளிர் அறை வரைக்கும். அங்கே சிவப்புக்குப் பக்கத்தில் நீலம், தண்ணீர் சொட்டச் சொட்ட.

இரண்டு ஜோடி.

கத்தினேன். மழைக்கு ஒதுங்கி நின்ற டெஸ்மண்ட் ஓடிவந்தார்.

"ஒரு ஜோடிதான் சார் இருந்துச்சு! கொழந்த ஏசு சத்தியமா!"

"இப்ப எத்தனைன்னு பாருய்யா!"

பார்த்தார். சாவி கைநழுவி விழுந்தது.

கதவு திறந்ததும் தாரணி தெரிந்தாள், தரையில், உதடு நீலம் பாரித்து. வலது கை மட்டும் இருட்டுக்குள் நீண்டிருந்தது, யாரோ பிடித்திருப்பதுபோல.

வெளியே இழுத்துப் போட்டோம்.

"ஒரு அண்ணன் சார்," முணுமுணுத்தாள். "கையப் புடிச்சிக்கினே இருந்தாரு. 'பயப்படாத, செருப்பு வெளியதான கீது, பாத்துட்டு வந்துடுவாங்க'ன்னு சொல்லிக்கினே இருந்தாரு."

டெஸ்மண்ட் சிலுவை போட்டுக்கொண்டார்.

"நான் அழுதேன். 'சரி, நீ போ. தனியா முடியல, யாரயாவது அனுப்பு'ன்னாரு."

"நீ என்னம்மா சொன்ன?"

"சரின்னேன் சார்."

"அப்புறம்?"

"யாருன்னு கேட்டாரு." தலையைக் குனிந்துகொண்டாள். "இந்தக் கட்டடத்துல எனக்குத் தெரிஞ்ச பேரு உங்க பேரு ஒண்ணுதான் சார்."

மறுநாள் குழு அவளுக்கு இடம் கொடுத்தது. கெட்டிக்காரப் பெண்.

அன்று சாயங்காலம் என் அறை வாசலில் கழற்றிவிட்ட தோல் செருப்பைக் காணோம். தேடவில்லை. தாழ்வாரக் கோடியில், நீலத்துக்குப் பக்கத்தில், ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. போய் எடுக்கத் தைரியம் இல்லை. வெறுங்காலோடு பஸ் ஏறினேன்.

இரண்டு ஜோடி கிடப்பதால் டெஸ்மண்ட் இப்போது குளிர் அறையைப் பூட்டுவதில்லை. கதவு லேசாகத் திறந்தே இருக்கிறது.

நான் என் அறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும், இன்னும் கொஞ்சம் திறக்கிறது.