வெளியே போகாமல் போன லொறி

இன்னும் ஒன்பது மணி நேரம்!

சார்ஜன் கச்சி முகம்மது பொலிஸ் நிலையச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். காலை ஒன்பது. மாலை ஆறு மணிக்கு மட்டக்களப்பிலிருந்து விசாரணைக்காரரின் ஜீப் வரும்.

அதற்குள் லொறி கிடைக்காவிட்டால்...

எதிரே வாங்கில் குந்தியிருக்கும் மனிதனை அந்த ஜீப் ஏற்றிக்கொண்டு போய்விடும். 1996 இல் அப்படிப் போனவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அந்த மனிதன் நல்லரத்தினம். செங்கலடிக்காரன். வாழைச்சேனைக் காகித ஆலைக்கு வைக்கோல் ஏற்றும் லொறியின் சாரதி.

"மறுகாலும் முதல்ல இருந்து செல்லு ஐசே. லொறிய எங்க விட்டிருந்தாய்?"

"வீட்டு வளவுக்குள்ள சேர். நேத்துப் பின்னேரம்."

"விடிய எழும்பிப் பாத்தா?"

"வளவு கிடந்தது சேர். லொறி இல்ல."

"மனிசி?"

"அவவும் இல்ல. கோயிலுக்குப் போயிருப்பா எண்டு நினைச்சன்."

"நீ என்ன செஞ்சாய்?"

"கத்தினன் சேர்."

"மறுகா?"

"திரும்பவும் கத்தினன்."

உண்மை! அந்த அலறலில் செங்கலடிச் சந்தியே விழித்துக்கொண்டது. பக்கத்து வளவுச் சேவல், தன் வேலையை வேறு யாரோ செய்துவிட்டார்கள் என்று மறுபடி படுத்துவிட்டது.

ட்ரிங்... ட்ரிங்...!

தொலைபேசி!

சார்ஜன் பாய்ந்து எடுத்தார். சிங்களத்தில் பேசினார். தலையாட்டினார். வைத்தார்.

"வடக்கால ஆமிச் சென்றியில தடையத் தாண்டி ஒரு வாகனமும் போகல்ல. தெற்கால ஏறாவூர்ப் பக்கச் சென்றியிலயும் ஒண்டும் வெளியால போகல்ல. ஒரு லொறி மட்டும் வந்திரிக்கி."

"வந்ததா?"

"ஓம். விடியச் சாமம் ஏறாவூர்ப் பக்கத்தால வந்து தடைக்கு முன்னால நிண்டிச்சாம். லைட் ரெண்டும் கண்ணுக்க. சிப்பாய் 'ஆபஸ்ஸட்ட!' எண்டு கத்தினானாம்."

"அப்பிடியெண்டா என்ன சேர்?"

"பின்னுக்குப் போ எண்டு. அதுவும் பயந்து பின்னுக்கே போயிற்றாம். அது வந்த லொறி. நமக்கு வேணும் போன லொறி!"

சார்ஜன் மேசையில் ஒரு குத்துவிட்டார்.

"மிச்சம் கறுத்தப் பாலம் மட்டும்தான். பாலத்துக்கு அங்கால இயக்கத்துட ஆட்சி எண்டு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அங்க போன லொறி நாளைக்கு எப்பிடித் திரும்பி வரும்? என்னத்த ஏத்திக்கொண்டு வரும்? ஆறு மணிக்கு உன்னட்ட இதத்தான் கேப்பாங்க."

நல்லரத்தினத்தின் முகம் சுண்ணாம்பு போல வெளுத்தது.

அப்போது வாசலில் ஒரு குரல் நுழைந்தது. சிறிது நேரம் கழித்துத்தான் ஆள் நுழைந்தாள்.

"என்ட மனிசன என்னத்துக்கு இருத்தி வெச்சிருக்கிறீங்க?"

"நீங்க யாரு?"

"லொறிக்காறி!"

அன்னப்பூரணி. நல்லரத்தினத்தின் மனைவி.

"லொறி உங்கட பேரிலயா?"

"எங்கட ஊரில வளவு பொம்புளைக்கு. வயல் வட்டையும் பொம்புளைக்கு. லொறி மட்டும் ஆம்புளைக்கா? என்ட அம்மா சீதனமாத் தந்த லொறி அது. இவர் அதில ஏறிப் போறவர், அவ்வளவுதான்."

"விடிய எங்க போனீங்க?"

அரை நொடி... ஒரே ஒரு அரை நொடி!

"கோயிலுக்கு."

அவள் வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். நெற்றியில் விபூதி இல்லை. விரல்களில் கிறீஸ் இருந்தது.

சார்ஜன் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்துவிட்டீர்கள். சார்ஜனிடம் சொல்லிவிடாதீர்கள்!

* * *

செங்கலடி வளவு. முறைப்பாட்டை மூன்று பிரதி எழுதி முடித்துவிட்டு வந்தபோது பின்னேரம் நாலு மணி.

சார்ஜன் குனிந்தார். உறைந்தார்.

"இரத்தம்!"

மணலில் கறுத்துத் தடித்த ஒரு கறை. விரலால் தொட்டார். முகர்ந்தார்.

"கியர் ஒயில் சேர்," என்றான் நல்லரத்தினம்.

"தெரியும்," என்றார் சார்ஜன், முகத்தில் பெரும் ஏமாற்றத்துடன்.

சில்லுத் தடங்களைப் பார்த்தார். லொறி வீட்டைப் பார்த்தபடி நின்றிருக்கிறது. வெளியே போக ஒரே வழிதான். இரண்டு மதில்களுக்கு நடுவே ஒரு நீண்ட ஒழுங்கை. லொறி போனால் இரு பக்கமும் ஒரு சாண்தான் மிஞ்சும்.

"ஐசே! ஒவ்வொரு நாளும் இதுக்குள்ளால பின்னுக்கா எடுக்கிறாய்?"

நல்லரத்தினத்துக்கு இருமல் வந்தது.

"எடுபடுது சேர்," என்றாள் அன்னப்பூரணி.

"மதில்ல ஒரு கீறல் இல்ல! நீ மிச்சம் கெட்டிக்காரன்!"

நல்லரத்தினம் தென்னை மரத்தில் இருந்த காகத்தை உற்றுப் பார்த்தான். காகமும் அவனைப் பார்த்தது. காகத்துக்கு எல்லாம் தெரியும்.

"ஒயில் எப்ப இருந்து ஒழுகுது?"

"ரெண்டு மாசம் சேர்," என்றான் நல்லரத்தினம். "கியரும் இடைக்கிடை இறுகும். ஏறாவூர் கராஜ் முகைதீன்பாவா காக்கா திருத்த விலை செல்லி இருக்கிறார். அவர் செல்லுற காசுக்குக் கண்டுக்குட்டியோட மாடு வாங்கலாம்."

சார்ஜன் தெருவுக்கு வந்தார். சட்டென்று நின்றார்.

தாரில் ஒரு பொட்டு ஒயில்... நாலு அடி தள்ளி இன்னொன்று... அப்பால் இன்னொன்று!

"வைக்கோல் லொறி எந்தப் பக்கம் போறது?"

"வாழைச்சேனைக்கு. வடக்கால."

"ஒயில் தெற்கால போகுது!"

சைக்கிளை எடுத்தார். பின்னால் காரியரில் நல்லரத்தினம். அன்னப்பூரணி பேருந்தில் வருவதாகச் சொன்னாள். சொன்னபோது அவள் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது.

பொட்டு... பொட்டு... பொட்டு...

ஒயில் சென்றிக்குப் போனது. தடையின் கீழால் நுழைந்தது. மறுபக்கம் தொடர்ந்தது!

சார்ஜனுக்கு மயிர் கூச்செறிந்தது. சிப்பாய் தன் தாய்மேல் சத்தியம் செய்தான். தடையைத் தூக்கிவிட்டு உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்ததும் அந்த வந்த லொறியைத்தான் கண்டானாம். வெளியே ஒரு லொறியும் போகவில்லையாம்.

"ஐசே," என்றார் சார்ஜன் மெல்ல. "கறுத்தப் பாலத்துக்குப் போயிருந்தாக்கூட உனக்கு நல்லம். சென்றிக்குத் தெரியாம சென்றியத் தாண்டுற லொறி! இத அறிஞ்சாங்க எண்டா உன்ன லேசில விடமாட்டாங்க."

காரியர் நடுங்கியது.

* * *

ஏறாவூர். வாவிக்கரை. முகைதீன்பாவாவின் கராஜ்.

ஒயில் பொட்டு அங்கே முடிந்தது.

கராஜின் நடுவில் படங்கு போர்த்திய மலை ஒன்று நின்றது. பக்கத்தில் முகைதீன்பாவா நின்றார், படங்கைக் கண்ணாலும் பார்க்காதவர் போல. அன்னப்பூரணியும் வந்து சேர்ந்திருந்தாள்.

"காக்கா, இது என்ன?"

"கூடாரம் ஸேர்."

"கூடாரத்துக்கு ஆறு சில்லு என்னத்துக்கு?"

முகைதீன்பாவா அன்னப்பூரணியைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள்.

சர்ர்ர்க்! சார்ஜன் படங்கை இழுத்தார்.

லொறி!

"என்ட லொறி!" என்று நல்லரத்தினம் பம்பரைக் கட்டிக்கொண்டான்.

"நான்தான் ஸேர் கொண்டு வந்தன்," என்றார் முகைதீன்பாவா. "பழுது பாக்க. விடியக் காத்தால போய் எடுத்து வந்தன். செல்ல மறந்திற்றன்."

"சென்றியத் தாண்டி எப்பிடி வந்தீங்க?"

"எல்லாரும் வாற மாதிரித்தான். முன்னுக்குப் பாத்து."

அன்னப்பூரணி கண்களை மூடிக்கொண்டாள்.

"என்ன பழுது?"

அதைத்தான் கேட்டிருக்கக் கூடாது! முகைதீன்பாவா பொய் சொல்வதில் பலவீனமானவர். விலை சொல்வதில் பலசாலி.

"கியர்பொக்ஸ் இறக்கி ஏத்தக் கூலி மூவாயிரம். உள்ளுக்குள்ள கியரைத் தள்ளுற துண்டு முறிஞ்சிற்று, அது ரெண்டாயிரத்து இருநூறு. கிளச் பிளேட்டும் தேஞ்சிற்று. இறக்கின கையோட அதயும் மாத்தல்ல எண்டா, மறுகா அதுக்கெண்டு திரும்ப இறக்கோணும், கூலி ரெண்டு தரம். எல்லாமாப் பன்னிரண்டாயிரம். லொறிய இழுத்து வந்திருந்தா அதுக்கு வேற நாலாயிரம். கியர் ரிவேர்ஸில இறுகிக் கிடக்கு ஸேர்! முன்னுக்கு ஒரு அடி அசையாது!"

வாவியில் ஒரு மீன் துள்ளியது. அந்தச் சத்தம்கூடக் கேட்டது.

"காக்கா," என்றார் சார்ஜன் இனிமையாக. "முன்னுக்கு அசையாத லொறிய முன்னுக்குப் பாத்து எப்பிடிக் கொண்டு வந்தீங்க?"

முகைதீன்பாவா சாவியால் காதைக் குடைந்தார்.

சார்ஜனின் கண்கள் விரிந்தன.

"பின்னுக்கு! செங்கலடியில இருந்து இஞ்ச வரைக்கும் பின்னுக்கே வந்திரிக்கி! தேத்தண்ணி ஊத்தக்குள்ள தடையத் தாண்டிற்று. சிப்பாய் வெளிய வந்து பாத்தா, லொறிட முகம் அவனுக்கு நேரே! வந்த லொறி எண்டு நினைச்சான். பின்னுக்குப் போ எண்டான். அதுதான் அதுக்குத் தெரிஞ்ச ஒரே வேலை!"

இந்த யுத்தத்தில் சொன்னது சொன்னபடி நிறைவேறிய ஒரே கட்டளை அதுவாகத்தான் இருக்கும்.

"இப்பிடி ஓட்ட ஒருத்தனாலதான் ஏலும்!"

சார்ஜனின் விரல் திரும்பியது. நல்லரத்தினத்தின் மூக்கில் வந்து நின்றது.

"மதில்ல கீறல் விழாம ஒவ்வொரு நாளும் பின்னுக்கு எடுக்கிறவன்! நீயே ஓட்டினாய், நீயே கத்தினாய்! என்னத்துக்கு ஐசே? சென்றிய ஏமாத்திப் பழகினாயா?"

கிளிக்! கைவிலங்கு!

நல்லரத்தினம் வாயைத் திறந்தான். மூடினான்.

மணி ஐந்தரை.

"அவரில்ல," என்றாள் அன்னப்பூரணி. "நான்தான் ஓட்டினன்."

சார்ஜன் வாய்விட்டுச் சிரித்தார். "புருசனக் காப்பாத்துறதுக்கு நல்ல பொய்!"

அவள் சேலையை இடுப்பில் சொருகினாள். லொறியில் ஏறினாள்.

ட்ருர்ர்ர்ர்...!

லொறி பின்னுக்குக் கிளம்பியது. கராஜ் கதவின் இரு நிலைக்கும் நடுவால்... உலரப் போட்ட வலைகளைச் சுற்றி... கரையில் இழுத்து விட்டிருந்த இரண்டு தோணிகளுக்கு இடையால்... ஓடிக்கொண்டிருந்த சார்ஜனை நோக்கி!

சார்ஜன் மதிலோடு ஒட்டினார். கலிமா சொன்னார்.

பின்பக்கப் பலகை அவர் தொப்பியைத் தொட்டது. நின்றது.

"இன்னும் கிட்ட வரவா சேர்?"

"வேணாம்! நம்புறன்!"

முகைதீன்பாவா தலையாட்டினார். "விடியவும் இப்பிடித்தான் வந்திச்சு ஸேர். ஒருத்தருக்கும் செல்லப்படாது எண்டு தங்கச்சி சத்தியம் வாங்கினா. இழுவைக் கூலி நாலாயிரமும் போச்சு."

சார்ஜன் தொப்பியைச் சரிசெய்தார். பொலிஸ்காரனின் மூளை மறுபடி வேலைசெய்தது.

"நீங்கதான் ஓட்டினீங்க. சரி. ஆனா வீட்டுக்குள்ள பதினொரு வருசம் லொறி ஓட்டின புருசன் குறட்டை விட்டுக்கொண்டு கிடக்கிறான். அவன எழுப்பாம நீங்க என்னத்துக்கு ஓட்டினீங்க?"

அன்னப்பூரணி கீழே இறங்கினாள். நிலத்தைப் பார்த்தாள்.

"அதச் செல்லமாட்டன்."

"செல்லல்ல எண்டா உங்களையும் ஜீப்பில ஏத்துவாங்க!"

"ஏத்தட்டும். அது எங்க ரெண்டு பேருக்கும் உள்ள விசயம். வெளிய தெரிஞ்சா இவர நம்பி ஒருத்தன் ஒரு கட்டு வைக்கோல் தரமாட்டான். சந்தியில தலை காட்டேலாது."

தூரத்தில் ஒரு இரைச்சல்...

ஜீப்!

"ஆக ஏதோ இரகசியம் இரிக்கி!" சார்ஜன் இரண்டாவது கைவிலங்கை எடுத்தார்.

"பூரணி, நீ விடு," என்றான் நல்லரத்தினம்.

"நீங்க வாயப் பொத்துங்க!"

"பதினொரு வருசமாப் பொத்திக்கொண்டுதானே இருக்கிறன்?"

ஜீப் முடக்கில் திரும்பியது. நல்லரத்தினம் முன்னால் வந்து நின்றான். கண் கலங்கியது. ஒரு கொலையை ஒப்புக்கொள்பவனைப் போல நெஞ்சை நிமிர்த்தினான்.

"சேர்... எனக்கு ரிவேர்ஸ் வராது!"

"என்ன?"

"வராது சேர்! கலியாணம் முடிச்ச புதிசில கிணத்துக் கட்ட இடிச்சன். மறுகா மாமியார் சமைச்சுக்கொண்டு இருக்கக்குள்ள அவட குசினிய இடிச்சன். அண்டையில இருந்து விடிய வெள்ளாப்பில இவதான் பின்னுக்கு எடுத்து றோட்டில விடுவா. மறுகா நான் ஏறி முன்னுக்குக் கொண்டு போவன். அவவுக்கு முன்னுக்குத் தெரியாது. எனக்குப் பின்னுக்குத் தெரியாது. இண்டைக்கு றோட்டில நிண்டதத்தான் கள்ளன் கொண்டு போயிற்றான் எண்டு கத்தினன்!"

"றோட்டுக்கு எடுத்த உடன கியர் இறுகிற்று," என்றாள் அன்னப்பூரணி. "நிப்பாட்டினா மானம் போகும். இழுத்தா நாலாயிரம் போகும். அதான் அப்பிடியே வந்திற்றன்."

சார்ஜன் நல்லரத்தினத்தைப் பார்த்தார். அன்னப்பூரணியைப் பார்த்தார். மெதுவாகக் கைவிலங்கைக் கழற்றினார். வந்து நின்ற ஜீப்பை, லொறி கிடைத்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

"ஆனா ஒண்டு," என்றார் விறைப்பாக. "லைசன்ஸ் இல்லாம லொறி ஓட்டினது குத்தம்!"

அன்னப்பூரணி சேலைத் தலைப்பில் கிறீஸைத் துடைத்தாள்.

"முன்னுக்குப் போறதுக்கு அவரிட்ட லைசன்ஸ் இருக்கு சேர். பின்னுக்குப் போறது என்ட சீதனம்... அதுக்கு லைசன்ஸ் வேணுமெண்டா என்ட அம்மாட்டத்தான் கேக்கோணும். போய்க் கேளுங்க... குசினி இடிஞ்ச கோவம் அவவுக்கு இன்னும் ஆறல்ல!"