குப்புறக் கிடந்த லிங்கன்

பள்ளிக்கூடத்துக்கு இன்னும் நூறடி இருக்கும்போது வெண்டல் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். ஆறு வயது. முகத்தில் பஞ்சுத் தாடி, தலையில் அட்டையில் செய்த உயரத் தொப்பி. இன்று முதல் வகுப்பு நாடகத்தில் அவன்தான் ஆபிரகாம் லிங்கன்.

"நான் வரலை," என்றான். "இதைப் பாரு."

அக்கா மார்லா குனிந்து பார்த்தாள். பனி உருக உப்புத் தூவிய தரையில் ஒரு பென்னி கிடந்தது. ஒரு மிட்டாய்கூட வாங்க முடியாத செப்புக் காசுதான். ஆனால் அதில் பொறித்திருக்கும் லிங்கன் தலை மேலே தெரியக் கிடந்தால், எடுப்பவருக்கு அதிர்ஷ்டம் என்பார்கள். குப்புறக் கிடந்தால் யாரும் தொடமாட்டார்கள். இது குப்புறத்தான் கிடந்தது. பின்பக்கத்தில் இருக்கும் கேடயப் படம் மட்டும் தெரிந்தது.

"லிங்கனே என் மூஞ்சியைப் பார்க்கமாட்டேங்கறாரு. மேடையில எல்லாம் மறந்துடும்."

"உனக்கு மொத்தமே ரெண்டு வரிதானேடா."

"ரெண்டும் மறந்துடும்."

மார்லாவுக்குச் சிரிப்பு வந்தது. தம்பியின் கண்கள் நிரம்பியிருந்ததைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. அந்த இரண்டு வரிகளை அவன் ஒரு வாரமாகக் குளியலறையில் சொல்லிச் சொல்லிப் பழகியது அவளுக்குத் தெரியும். காசைப் புரட்டிப் போட்டாள்.

"இப்ப எடுத்துக்கோ."

"ஏமாத்தாதே அக்கா. திருப்பிப் போட்டவங்க எடுக்கக் கூடாது. அது அடுத்து வர்றவங்களுக்கு."

அதுவும் சரிதான். மார்லா கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப நாமளே அடுத்து வர்றவங்களா ஆயிடுவோம். தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வரலாம், எழுந்திரு."

"அதுக்குள்ள யாராவது எடுத்துட்டா?"

"ஒத்த பென்னியை யாருடா எடுப்பா? பேசாம நட."

முடி வெட்டும் கடை, சலவைக் கடை, தீயணைப்பு நிலையம் என்று இருவரும் ஓட்டமும் நடையுமாகச் சுற்றினார்கள். தாடி இரண்டு முறை கழன்று விழுந்தது.

திரும்பி வந்தால், காசு கிடந்த இடத்தில் டோரோத்தி குனிந்துகொண்டிருந்தார். தினமும் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பவர் அவர்தான்.

"பாருங்க பசங்களா, தலை மேல கிடக்குது. என் பொண்ணுக்கு இன்னைக்கு மூணாவது தடவையா கார் லைசென்ஸ் டெஸ்ட். காலையிலேர்ந்து ஒரே கவலையா இருந்துச்சு. இப்பதான் நிம்மதியா இருக்கு."

காசைக் கையுறைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டு அவர் சாலையைப் பார்க்கப் போனார்.

போச்சு, என்று நினைத்தாள் மார்லா. இனி இவன் அழுது ஊரைக் கூட்டப்போகிறான்.

வெண்டல் அவள் கோட்டைப் பிடித்து இழுத்தான். "நாமதான் திருப்பிப் போட்டோம்னு அவங்ககிட்ட சொல்லிடாதே," என்று கிசுகிசுத்தான்.

"சொல்லலை. ஆனா உனக்குக் காசு வேணாமா?"

"அவங்களே வெச்சுக்கட்டும். அந்த அக்காவுக்கு மூணாவது தடவை. எனக்கு இதுதானே முதல் தடவை."

தொப்பியை ஒரு கையாலும் தாடியை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டு, மணி அடிக்கும் முன்பே பள்ளிக்குள் ஓடினான் லிங்கன்.