சிவப்பாய் ஒரு கிணறு!

"வீ...ல்!"

அந்த அலறலில் தெருவே பல் தேய்ப்பதை நிறுத்தியது.

அலறியவள் மூன்றாம் வீட்டுத் தையல்காரி. முகம் கழுவக் குழாயைத் திறந்திருந்தாள். உள்ளங்கையில் விழுந்தது...

சிவப்பு!

ஓடிப்போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தாள்.

கிணறு முழுக்கச் சிவப்பு!

பத்தே நிமிடத்தில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. முதலில் குதித்தவள் இன்ஸ்பெக்டர். காலை டீயைப் பாதியில் விட்டுவந்த எரிச்சல் முகத்தில் அப்படியே இருந்தது. தொப்பையை முன்னால் அனுப்பிவிட்டு, பின்னாலேயே நிதானமாக இறங்கினார் ஏட்டு.

"மேடம், அடுத்த வீட்டு நர்ஸ் அக்காவை மூணு நாளாக் காணோம்!" தையல்காரிக்கு மூச்சு வாங்கியது. "அவங்க புருஷன் கான்ட்ராக்டர். இந்தத் தெருவுல முப்பத்திரண்டு வீட்டையும் கட்டினவர். போன வாரம் ரெண்டு பேருக்கும் பயங்கர சண்டை. 'அந்த மூடியைத் தொட்டே... உன்னையும் உள்ள போட்டு மூடிடுவேன்'னு அவர் கத்தினது, என் தையல் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டுச்சு!"

"எந்த மூடி?"

"செப்டிக் டேங்க் மூடி மேடம்!"

ஏட்டு சட்டென்று மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், இன்னும் திறக்கவே இல்லையே!"

"முன்ஜாக்கிரதை மேடம்."

இன்ஸ்பெக்டர் வாளியில் கொஞ்சம் சிவப்பை மொண்டுகொண்டாள். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

பனியனோடு எட்டிப் பார்த்தார் கான்ட்ராக்டர். காக்கியைக் கண்டதும் முகத்தில் ஈயாடவில்லை.

"உங்க மனைவி எங்க சார்?"

"அவ... அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா."

"போன் நம்பர்?"

"சுவிட்ச் ஆஃப் மேடம். கோவம். வழக்கமா நாலு நாள்ல இறங்கிடும்."

இன்ஸ்பெக்டர் பேச்சை நிறுத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் நடந்தாள். குளியலறைச் சுவரை ஒட்டி ஒரு சிமென்ட் பலகை. ஓரமெல்லாம் புதுப் பூச்சு. மேலே, யாரும் உட்காராத இடத்தில், மூன்று பூந்தொட்டிகள்.

"ஏட்டய்யா... கடப்பாரை எடுங்க."

"வேணாம் மேடம்!" கான்ட்ராக்டர் பலகைமேல் ஏறி நின்றார். "நாத்தம் தாங்க மாட்டீங்க!"

"பரவாயில்ல. நான் தினமும் கோர்ட்டுக்குப் போறவ."

கடப்பாரை விளிம்பில் இறங்கியது.

டங்!

"நிறுத்துங்க!" கான்ட்ராக்டர் இரண்டு கைகளையும் நீட்டினார். "நான்தான் கொன்னேன்!"

கடப்பாரையை நிறுத்தும்படி ஏட்டுக்குக் கைகாட்டினாள் இன்ஸ்பெக்டர்.

"எப்படிக் கொன்னே?"

"கழுத்தை நெரிச்சு."

"அப்ப ரத்தம்?"

"அது... அப்புறம் கத்தியாலயும் குத்தினேன்."

"பொணம்?"

"ஆத்துல விட்டுட்டேன் மேடம். இங்க இல்ல. இங்க எதுவுமே இல்ல. விலங்கைப் போடுங்க, கிளம்பலாம்!"

இன்ஸ்பெக்டருக்கு உறுத்தியது. பதினெட்டு வருஷ சர்வீஸில் அவள் பார்த்த கொலைகாரர்கள் அழுவார்கள், மழுப்புவார்கள், மயக்கம் போடுவார்கள். இவரோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதுபோல் அவசரப்படுகிறார்!

"கொலைக்கு ஆயுள் தண்டனை, தெரியுமா?"

"தெரியும் மேடம்." கான்ட்ராக்டர் முகத்தில் நிம்மதி!

அவள் வாளியைக் குனிந்து பார்த்தாள். ரத்தம் என்றால் இதற்குள் கறுத்திருக்கும். இது பளபளவென்று மின்னிற்று. கவிச்சி வாடையும் இல்லை. வெள்ளைக் கைக்குட்டையின் நுனியை முக்கி எடுத்தாள்.

ரோஜா நிறம்!

"இது சாயம்! ரத்தம் இல்ல!"

"அப்ப கொலை?" ஏட்டு விழித்தார்.

"கொலையே நடக்கல. நடக்காத கொலையை ஒருத்தன் தலையில தூக்கி வெச்சுக்கறான்னா, நடந்தது அதைவிடப் பெரிசு. பெயர்த்து எடுங்க பலகையை!"

பலகை புரண்டது. பூந்தொட்டிகள் உருண்டன.

உள்ளே...

டேங்க் இல்லை!

ஓரடி மணல். வீட்டிலிருந்து வந்த கழிவுக் குழாய் அதைத் தாண்டி, தரையில் ஒரு பழைய ஆழ்துளைக் கிணற்றின் வாய்க்குள் நேராக இறங்கியிருந்தது. குழாயின் உதடு முழுக்கச் சிவப்பு.

இன்ஸ்பெக்டர் குனிந்து குழாயின் போக்கைப் பார்த்தாள். இந்த வீட்டுக் கழிவு நேராக நிலத்தடித் தண்ணீரில்! அதைத்தான் அடுத்த வீட்டுக் கிணறு வாங்கிக்கொண்டிருக்கிறது.

"எத்தனை வீட்டுல இப்படி?"

கான்ட்ராக்டர் தலையைக் குனிந்தார். "எல்லா... எல்லா வீட்டுலயும் மேடம்."

"ஒவ்வொரு வீட்டுக்கும் 'டேங்க் இருக்கு, கிணத்துலேர்ந்து அம்பது அடி தள்ளி இருக்கு'ன்னு கையெழுத்துப் போட்டது?"

"நான்தான். புதுச் சட்டம் வந்துடுச்சு... கிணறு, டேங்க் ரெண்டையும் பதிவு பண்ணணும், திறந்து காட்டணும்னு. ஒரு மூடியைத் திறந்தா முப்பத்திரண்டையும் திறப்பாங்களே! கொலைக் கேஸ்னா, நாளைக்கு அவ வந்து நின்னா நான் வெளிய வந்துடுவேன். டேங்க் கேஸ்ல... எந்த டேங்க் மேடம் வந்து நிக்கும்?"

"அட, கில்லாடி!" ஏட்டு தன்னையறியாமல் பாராட்டிவிட்டு, மேடத்தின் பார்வை பட்டதும் இருமினார்.

"நாளைக்கு எதுக்குங்க? இன்னிக்கே வந்துட்டேன்."

பெண் குரல்!

எல்லோரும் திரும்பினார்கள். கொல்லைக் கதவருகில் வெள்ளைச் சீருடையில், கையில் பெட்டியோடு நின்றாள் நர்ஸ். உயிரோடு!

"எங்கடி போயிருந்தே?" கான்ட்ராக்டர் பாய்ந்தார். ஏட்டின் தொப்பை தடுத்தது.

"ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்ல இருந்தேன். கிளம்பும்போது உங்க கக்கூஸ்ல ஒரு பாக்கெட் சாயத்தைக் கொட்டிட்டுத்தான் போனேன். தண்ணி எந்த வழியாப் போகுதுன்னு பார்க்கறதுக்கு லேப்ல வெச்சிருக்கற சாயம் மேடம். உடம்புக்கு ஒண்ணும் செய்யாது. கிணத்துக்கு வர மூணு நாள் ஆகும்னு நினைச்சேன். கரெக்டா வந்துடுச்சு."

"விளையாட்டாம்மா இது? தெருவே நடுங்கிப் போயிருக்கு!"

நர்ஸ் பெட்டியைக் கீழே வைத்தாள். "என் வார்டுல இருபத்தி மூணு பிள்ளைங்க மேடம். எல்லாம் இந்த ஒரே தெரு. வாந்தி, பேதி, ஜுரம். ஒரு குட்டிப் பொண்ணு ஆறு நாளா கண்ணே திறக்கல. இவர்கிட்டக் கெஞ்சினேன், அடிக்க வந்தார். சுகாதார ஆபீசுக்குப் பதினாலு மனு போட்டேன். 'வரிசைப்படி வருவோம்'னாங்க."

"நேரா எங்ககிட்ட வந்திருக்கலாமே!"

"வந்தேனே மேடம். 'சாக்கடை எங்க டிபார்ட்மென்ட் இல்ல'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பொணம் உங்க டிபார்ட்மென்ட்தானே? பத்தே நிமிஷத்துல வந்துட்டீங்க!"

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தாள்.

ஏட்டு ஆகாயத்தைப் பார்த்தார்.

காது சூடேற, அவள் போனை எடுத்தாள். சுகாதார ஆபீசின் தூக்கத்தைக் கலைத்தாள். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் லாரி வரவேண்டும், ஒரு கிணற்றைக்கூட யாரும் தொடக்கூடாது, முப்பத்திரண்டு மூடியும் இன்றைக்கே திறக்கவேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அதற்குள் வெளியே இரைச்சல்!

வாசலில் தெருவே திரண்டிருந்தது. ஆளுக்கொரு வாளி சிவப்புத் தண்ணீர். முன்வரிசையில் துணி வெட்டும் கத்தரிக்கோலோடு தையல்காரி.

கான்ட்ராக்டர் இன்ஸ்பெக்டரின் பின்னால் பதுங்கினார்.

"மேடம்... ப்ளீஸ்... அந்தக் கொலைக் கேஸையே போட்டு உள்ள தள்ளிடுங்களேன்!"

ஏட்டு அவர் தோளில் பரிவோடு கை வைத்தார்.

"அதுக்கு ஒரு பொணம் வேணும் சார். வாசல்வரைக்கும் வாங்க... ஏற்பாடு பண்ண முப்பத்தோரு வீட்டுக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க!"